பல் செய்யும் கூடம்

முதல் நாள் எனக்குத் தந்தது
அளவில் பெரிய வெள்ளை மேலங்கி,
ஒரு ரப்பர் கிண்ணம், ஒரு கரண்டி.
"குமிழி வரக்கூடாது" என்றார் எக்லி அம்மையார்.
அவ்வளவுதான் பாடம்.

புர்க்டோர்ஃப் ரயிலடிக்குப் பின்னால், இரண்டாம் மாடியில்
ஊராரின் வாய்கள் எல்லாம்
சாந்தில் வார்த்து அடுக்கியிருந்தன.
பெயரில்லை, இலக்கம் மட்டும்.
4417 நித்திரையில் பல்லை நெருமுகிறவர்.
4420க்கு முன்பல் இரண்டும் இடித்துக்கொண்டு நிற்கும்,
பஸ்ஸுக்கு முண்டுகிற பிள்ளைகள் மாதிரி.

புதன்கிழமை நான் வார்த்த தாடையில்
ஒரேயொரு குமிழி.
உடைத்துவிட்டுத் திரும்பவும் கரைத்தேன்.
யாரும் ஏசவில்லை. அதுதான் கூச்சமாயிருந்தது.

வியாழன் பின்னேரம் ஒரு கீழ்த்தாடை:
வலது பக்கம் மூன்று கடைவாய்ப் பல் இல்லை.
"இவர் ஒரு பக்கத்தால்தான் சப்புவார்,
மற்றப் பக்கம் எலும்பு கரைந்துபோகும்" என்றார்,
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

அன்றிரவு வேலையால் வந்து
அப்பா புட்டுச் சாப்பிட்டார்.
இடது கன்னம் மட்டும் அசைந்தது.
எத்தனை வருஷமாய் எதிரே இருந்துதான் சாப்பிடுகிறேன்.

அறிக்கை திங்களன்று கொடுக்க வேண்டும்.
'என்ன கற்றுக்கொண்டாய்?'
மூன்று கோடு விட்டிருக்கிறார்கள்.
சாந்துக்குத் தண்ணீர் எத்தனை மில்லி என்று எழுதினேன்.
மற்றக் கோடு இரண்டும் வெறுமையாய்க் கிடக்க
நாக்கு நுனியால்
என் பற்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.