பதின்மூன்று சதவீதம்

நெல் பேசாது, எண் சொல்லும்.
இருபத்திரண்டு. இருபத்து நாலரை.
லாரிக்கு ஒரு கைப்பிடி அள்ளி
மானியில் போட்டு
சீட்டில் கிறுக்கி
உலர்த்திக்கு அனுப்புவேன்.
பதின்மூன்றுக்கு இறங்கினால்தான் கிடங்கில் இடம்.
வெர்கராவில் மார்ச், ஏப்ரல் இரவுகளில்
ஈரத்தைக் காட்டிக்கொடுப்பது என் பிழைப்பு.

விடிந்து வீடு வந்தால்
எந்த எண்ணுக்கும் அடங்காமல் ஒருத்தி நிற்கிறாள்.
கோழிக்கூட்டின் தகரத்தைத் தாண்டி
துணிக்கொடியைத் தாண்டி
அதேமார் வீட்டு மதிலுக்கு மேல்
தலையை நீட்டி, ஒல்லி விரல்களை விரித்து.

சட்டப்படி ஆறு கஞ்சாச் செடி வளர்க்கலாம்.
பதிவுச் சீட்டு சமையலறை ஆணியில் தொங்குகிறது.
நான் வைத்தது ஒன்று.
விதை தந்தவன் லாரிக்காரன் தார்தோ:
'முக்கால் ரத்தம் சாட்டிவா, நூபியா.
வெயில் ஊர்க்காரி.
நீ அவசரப்பட்டாலும் அவள் அவசரப்படமாட்டாள்.'

அதேமாருடையது இடுப்புயரக் குள்ளம்.
மழைக்கு முன்பே வெட்டி
ஜாடியில் அடைத்தாயிற்று.
மாத்தே குடுவையோடு மதிலில் சாய்ந்து
தினம் ஒருமுறை சொல்கிறார்:
'வெட்டு. ஏரி எழுந்துவிட்டது.'

எழுந்துதான் விட்டது.
மெரீன் ஏரியின் மூட்டம் வயல்வழியே வந்து
துணியில் ஏறுகிறது, ரொட்டியில் ஏறுகிறது,
உப்பு ஜாடியில் கட்டியாகிறது.
பூவின் நூலிழைகளோ இன்னும் வெள்ளை.
இன்னும் மூன்று வாரமாவது கேட்கும் வெள்ளை.

தூக்கத்துக்கென்றால் அதேமாரின் குள்ளமே போதும்,
கேட்டால் கொடுப்பார்.
எனக்குத் தூக்கம் வேண்டாம்.
பதினோரு வருட இரவு வேலையில்
ஞாயிறு மதியம் என்ற ஒன்றை
நான் கண்ணால் கண்டதில்லை.
இரண்டு மணி நேரம்,
பின்கட்டில் நாற்காலி போட்டு,
முழுசாய் விழித்துக்கொண்டு.
அவ்வளவுதான்.

ஆகவே காலையில்
சீருடையைக்கூடக் கழற்றாமல்
தண்டைப் பிடித்து உலுக்குவேன்.
இரவெல்லாம் அவள் சேர்த்த மழை
என் பிடரியில் இறங்கும்.
நாய் எழுந்து வேறிடம் போகும்.
பழைய மின்விசிறியை நீளக் கம்பியில் இழுத்துவந்து
அவள் முன் வைத்த அன்று
அதேமார் சிரித்ததில் மாத்தே புரையேறியது.

உச்சிப் பூ என் முன்கை தடிமன்.
அதைத்தான் எல்லோருக்கும் காட்டினேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை
அதில் ஒற்றை இலை மஞ்சளாய்.
இழுத்தேன்.
தடுக்காமல் வந்தது.
வராமலிருந்திருக்கலாம்.
பிளந்தால் உள்ளே ஈரச் சாம்பல்.
வெளியே பச்சை, பிசின், எலுமிச்சை மணம்,
எதிலும் ஒரு குறையில்லை.
பத்தாயிரம் லாரியின் ஈரம் சொன்னவள் நான்.

கத்தரித்தேன்.
நான்கு விரல் கீழே.
மறுநாள் இன்னும் நான்கு விரல்.
சனிக்கிழமைக்குள் மதிலுக்குமேல் ஒன்றுமில்லை.
அதேமார் அன்று எதுவும் சொல்லவில்லை,
அது அவர் சொன்னதைவிடக் கஷ்டமாயிருந்தது.

கீழே சுவரோரம்
நான் ஒரு பொருட்டாகவே எண்ணாத கிளைகள்.
பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள்
உட்காருவதுபோல்
பூக்கள் இடம் விட்டு, இடம் விட்டு.
நடுவில் காற்று போய்வந்திருக்கிறது.
ஒவ்வொன்றாய்ப் பிளந்து பார்த்தேன்.
பச்சை. பச்சை. பச்சை.
நூலிழைகள் பாதி துருநிறம்.

வெட்டினேன்.
வீட்டுக்குள் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது.
மாலையில் மாவுப்பையில் சுற்றி
ஆலைக்கு எடுத்துப்போனேன்.
உலர்த்திக்குப் பின்புறச் சாக்கு அறை
ஊரிலேயே வறண்ட இடம்.
கயிற்றில் தலைகீழாய் ஏழு கிளைகள்.
ஒரு நப்பாசையில்
ஒரு மொக்கைக் கிள்ளி மானியில் போட்டேன்.
நெல்லுக்குச் செய்த யந்திரம்
கொஞ்ச நேரம் யோசித்து
'பிழை' என்றது.

மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் வில்மார் வந்தார்.
வாசலில் நின்று மூக்கை உயர்த்தினார்.
கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
என் கையில் பதினெட்டு என்று எழுதின சீட்டு.

'வெப்பம் அதிகம்' என்றார்.
'மெல்லக் காயணும்.'
வடக்குச் சன்னலை
ஒரு சாண் திறந்துவைத்துவிட்டு
அடுத்த லாரிக்குப் போனார்.