கழற்றாத மைக்

முதல் காட்சியே மங்கல்.
ஊத்தங்கரை மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் புகையில்
ஜெசிந்தாவின் இடது தோள் மட்டும் தெரிகிறது.
லென்ஸில் பூஞ்சை.
வாடகைக்குக் கொடுத்தவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பதினோரு ராத்திரி, ஒன்பது ஊர்.
அவள் ரிதம் பேடில் நாலாவது கட்டம் செத்துவிட்டது.
அந்த அடி வரும் இடத்தில்
தொடையில் தட்டிக்கொள்வாள்.
கூட்டத்துக்குக் கேட்காது.
கணக்கு அவளுக்கு.

அரூரில் மழை. எடுத்ததெல்லாம் வேனின் வைப்பர்.
பாலக்கோட்டில் பாதிப் பாட்டில் கரண்ட் போக
தக்காளி மண்டி ஆட்கள்
காலி கிரேட்டைத் தட்டிப் பாட்டை முடித்துவைத்தார்கள்.
அன்றைக்கு என் பேட்டரியும் இல்லை.
நம்ப மாட்டீர்கள் என்று படத்தில் அதைச் சொல்லவேயில்லை.

பென்னாகரம் போகும் வழியில் பேட்டி.
இசை உங்களுக்கு என்ன, என்றேன்.
"அண்ணா, அந்தக் கண்ணாடிய ஏத்துங்க,
புழுதி பேடுக்குள்ள போவுது."
பேட்டி அவ்வளவுதான்.

ராயக்கோட்டையில்
காலர் மைக்கைக் கழற்ற மறந்து இறங்கிப் போனாள்.
நானும் நிறுத்த மறந்தேன்.
மறந்தேன் என்றுதான் இதுவரை சொல்லிவருகிறேன்.
கேமராவில் யாரோ யாருக்கோ சால்வை போர்த்துகிறார்கள்,
ஹெட்போனில் அவள்
பாக்கி ஆயிரத்து ஐந்நூறைக் கேட்கிறாள்:
அண்ணா என்று,
சார் என்று,
பிறகு பேர் சொல்லி.
செருப்புச் சத்தம்.
தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறாள்.
போனில், "குடுத்துட்டாங்கம்மா. சாப்ட்டேன்."
அப்புறம் நாலு நிமிஷம்
பேச்சே இல்லை.
தூரத்தில் லாரிகள்,
தொடையில் விரல்.

ஏலகிரியில்லை, எலத்தகிரி;
எல்லாரும் தப்பாகவே எழுதுகிறார்கள்.
அங்கே ஞாயிறு பூசை முடிந்து
கோயில் சுவரோரம் லேப்டாப்பை மடியில் வைத்துப் பார்த்தாள்.
சால்வை வந்தது, ஆயிரத்து ஐந்நூறு வந்தது.
முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை,
வெயில் திரையில் அடித்தது.
ஹெட்போனைக் கழற்றி,
"மூணாவது நிமிஷத்துல ஒரு அடி விட்டுட்டேன்.
அத மட்டும் வெட்டிடுங்க" என்றாள்.

இந்த முறை கேட்டேன்:
அந்தப் பாக்கி கேட்டது?
"அது தாளத்துலதாண்ணா இருக்கு."

வெட்டி ஒட்டிப் பார்த்தேன்.
தாளம் சரியாகிவிட்டது.
அந்த இடத்தில் ஒரு லாரி
பாதி ஹாரனோடு நின்றுபோகிறது.