மீற்றர் வாசிப்பு

ஏழாலையில் ஒரு வீடு.
ஆட்கள் ரொறொன்ரோ போய்ப் பதினொரு வருசம்.
கேற்றுக்குப் பூட்டு, பூட்டுக்குத் துரு.
மதிலால் எட்டிப் பார்த்தால்
மீற்றருக்குள் அந்த அலுமினியத் தட்டு
மெல்ல, மிக மெல்லச்
சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.
ஒரு பழைய பிரிட்ஜாய் இருக்கலாம்,
சாமியறையில் அணைக்க மறந்த சிவப்புக் குமிழாய் இருக்கலாம்.
மாதம் முப்பத்தொரு யூனிற்.
பில்லை அங்கிருந்தே கட்டுகிறார்கள்.

தெல்லிப்பழை கிளினிக்கில்
நிலாந்தி மிஸி சொன்னதும் இதைத்தான்:
"நீங்கள் நித்திரை கொள்ளேக்கையும்
உடம்பு எரிச்சுக்கொண்டுதான் இருக்கும் அண்ணை.
நெஞ்சு அடிக்க, ஈரல் வேலை செய்ய, சூடு காக்க.
செலவில பெரிய பங்கு அதுதான்."
எனக்கு உடனே விளங்கிப்போச்சு.
வேறு எவருக்கும் அவ்வளவு கெதியாய் விளங்கியிராது.

விளங்கி என்ன,
தொண்ணூற்றாறு கிலோ.

வைகாசியில் தொடங்கினேன்.
இரவுப் பிட்டு இல்லை.
சொதியில் முதற்பால் இல்லை.
சுன்னாகம் சந்தியில் றோல்ஸ் கடை வந்தால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.
நாளுக்கு நூற்றிருபது வீடு,
நாய் துரத்திய தூரம் வேறு.
முதல் மாதம் நாலு கிலோ போனது.
வசீகரி ஆணியைச் சுடவைத்து
பெல்ற்றில் புதுத் துளை போட்டுத் தந்தாள்.
இரண்டாம் மாதம் ஒன்றரை.
மூன்றாம் மாதம்
அதே பட்டினி, அதே வீதி, அதே நாய்.
முள் அசையவில்லை.
தராசில்தான் பழுதென்று
சங்கக்கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினேன்.
அதுவும் அதையே சொன்னது.

யூட் நிக்ஸனுக்கும் இதே வேலைதான்.
குருநகர் ஆள்.
காலையில் நாலு றோல்ஸ்,
மத்தியானம் சோற்றுமலை, மலைக்கு மேல் இறால்.
இடுப்பு முருங்கைக்காய்.
இருந்த இடத்திலேயே அவனுக்குத் தொடை ஆடும்,
விரல் மேசையைத் தட்டும்.
ஆளில்லாத அறையிலும் காற்றாடி சுற்றவிடும் வீடு அவன்.
"உள்ளுக்கை அடுப்புப் பெரிசு மச்சான்" என்பான்.
எனக்குக் கோபம் வரும்.
கோபத்துக்கு எத்தனை கலோரி என்று
மிஸியிடம் கேட்க வெட்கம்.

அவள் இரண்டாம் தரம் சொன்னாள்:
"வரவு குறைஞ்சால் உடம்பு செலவையும் குறைச்சுப்போடும்.
நீங்கள் மெலியப் பாக்கிறீங்கள் எண்டு
அதுக்குத் தெரியாது.
பஞ்சம் எண்டு நினைக்குது."

பஞ்சம்.
அந்தச் சொல்லோடு மல்லாகம்வரை
சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன்.

எட்டு வயது எனக்கு. கரண்ட் இல்லை.
மண்ணெண்ணெய்க்குப் பவுண் விலை.
ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு,
பஞ்சில் நாலைந்து சொட்டு, ஒரு நூல்திரி.
அம்மா திரியை இழுத்து இழுத்து
நெருப்பைக் கடுகளவுக்குக் கொண்டுவருவா.
அந்தக் கடுகு வெளிச்சத்தில்
ஏழாம் வாய்ப்பாடு முழுக்கப் பாடமாக்கினேன்.
பக்கத்தில் இருந்து என் ஈரலும்
ஏதோ படித்திருக்க வேண்டும்.
மிஸி ஒத்துக்கொள்ளவில்லை:
"அந்தக் கணக்கு இப்ப வராது அண்ணை,
அது முந்தி, இது வேறை."
வேறுதான். ஆனால் அதை
அதுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?

இப்போது கட்டளை மாறிவிட்டது.
கொஞ்சம் கூட்டிச் சாப்பிட வேண்டுமாம்,
பயறு, முட்டை, சூடைமீன்.
பாரம் தூக்க வேண்டுமாம்:
தசை சும்மா இருந்தாலும் சக்தி கேட்குமாம்.
அதாவது, வீட்டுக்குள் இன்னொரு பிரிட்ஜ் வாங்கி வை.
பெயின்ற் வாளி இரண்டில் சீமெந்து இறுக்கி
கிணற்றடியில் தூக்குகிறேன்.
பக்கத்து வீட்டுப் பெடியன்
மதிலில் இருந்து எண்ணுகிறான்.
ஒன்பதுக்குப் பிறகு அவனுக்கு ஏழு வரும்.

முந்திய வாசிப்பு: தொண்ணூறு தசம் ஐந்து.
இம்மாத வாசிப்பு: தொண்ணூறு தசம் இரண்டு.
"ஒரு குழல் பிட்டே அதைவிடப் பாரம்"
என்றாள் வசீகரி,
சொல்லிக்கொண்டே முட்டையை உடைத்தாள்.

இன்று ஏழாலைக்குப் போனேன்.
எழுதிய பிறகும் மதிலடியில் நின்றேன்.
தட்டில் ஒரு கறுப்புக் கோடு உண்டு,
சுற்றுக்கு ஒருமுறை முன்னால் வரும்.
காத்திருந்தேன்.
வெயில் கழுத்தைச் சுட்டது.
வந்தது.