முப்பது டிகிரிக்குக் கீழே

அடைக்கலத்தின் பர்ஸில் அப்போது இருந்தவை:
லைசென்ஸ், நகைக்கடன் சீட்டு,
குன்றக்குடி விபூதிப் பொட்டலம்,
மூத்தவளின் பள்ளிக்கூடப் படம்,
தீபாவளிக்கு வாங்கிய ஆணுறை ஒன்று.
தை பிறந்தும் அது அங்கேயே இருந்தது.
காரைக்குடிக்கும் திருச்சிக்கும்
வேன் ஓட்டிய தூரமெல்லாம்
அதன்மேல் உட்கார்ந்துதான் ஓட்டினான்.

இளையவளுக்கு இப்போது நாலு வயது.
பர்ஸ் கொடுத்த பரிசு என்று
அவள் காதில் விழாமல் சொல்லிச் சிரிப்போம்.
அவள் இல்லாத நாளை எனக்கு நினைக்க வராது.
ஆனாலும்
ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம்.

அப்புறம் டேஷ்போர்டுக்குள் வைத்தான்.
சித்திரை. பள்ளத்தூர் ஸ்டாண்டில்
கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள்
பசை இளகிப் பிள்ளையாரே
குப்புற விழுந்து கிடந்தார்.
ரப்பர் மட்டும் என்ன வைராக்கியத்தில் தாங்கும்?

அட்டையைத் திருப்பிப் படித்தேன்,
கடன் சீட்டைப் படிக்கிற மாதிரி
ஒவ்வோர் எறும்பெழுத்தாக.
வெயில் படக்கூடாது.
முப்பது டிகிரிக்குக் கீழே.

இந்தச் சீமையிலா?

நாங்கள் காவல் காக்கிற வீட்டுக்கு
எண்பது கதவு.
நாங்கள் படுக்கிற அறைக்கு ஒன்று,
மேலே தகரம்.
மதியம் அதற்குள் அப்பளம் காயும்.

வெறுங்காலோடு வீடு முழுக்க நடந்து பார்த்தேன்.
வளவு சுட்டது. பட்டாலை பரவாயில்லை.
இரண்டாங்கட்டு மூலையில், ஜன்னலில்லாத அறையில்
ஆள் உயர இரும்புப்பெட்டி.
சாவி பக்கத்து ஆணியிலேயே தொங்கும்,
உள்ளே ஒன்றும் இல்லாததால்.
கையை விட்டேன்.
கிணற்றுக்குள் விட்டது போலிருந்தது.

வைரம் இருந்ததாகச் சொல்லும் தட்டில்
பழைய சோப்பு டப்பா ஒன்று
அன்றிலிருந்து இருக்கிறது.
தனி டப்பா. சில்லறை, ஹேர்பின்
எதுவும் அதோடு சேராது.

ராத்திரி செல்போன் வெளிச்சத்தில்
எண்பது கதவில் ஏழைத் தாண்டிப் போவேன்.
ஜாக்கெட்டில் செருகினால் ஊக்கு குத்தும்;
உள்ளங்கையில்தான் எடுத்து வருவேன்.
வரும் வழியில் விரலால் அழுத்திப் பார்ப்பேன்.
உள்ளே சின்னக் காற்று ஒன்று
நழுவி அந்தப் பக்கம் போனால் நல்லது.
போகாவிட்டால் அது குப்பைக்கு.
தலையில் எண்ணெய் தேய்த்த கையா, கழுவிட்டு வா.
பல்லால் கிழிக்காதே, இது முறுக்குப் பொட்டலமா?
இதெல்லாம் சொல்லி முடிப்பதற்குள்
அவன் தூங்கிவிட்ட நாளும் உண்டு.
மறுபடி ஏழு கதவு தாண்டிப் போய்
வைத்துவிட்டு வருவேன்.

மாசியில் படைப்புக்கு வந்தார்கள்.
பதினோரு கார்.
நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோதுதான்
டப்பா நினைவுக்கு வந்தது.
ஈரக் கையோடு ஓடினேன்.

உமையாள் பெட்டியைத் திறந்து
மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.
இன்னொரு கையில் சோப்பு டப்பா.
என்னம்மா அது, என்றான் பையன்.
மருந்து, என்றார்.
என்னைப் பார்த்தார். மூடினார்.
பையனிடம் பூட்டின் பித்தளைப் பூவைக் காட்டினார்.

சாப்பாடு முடிந்து இலை எடுக்கும்போது
கிணற்றடிக்கு வந்தார்.
வேலை போச்சு என்று
பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை நினைத்துவிட்டேன்.
மடியிலிருந்து ஒரே ஒரு உறையை எடுத்து
என் கையில் வைத்தார்.

"இதுக்குப் போன மாசத்தோட தேதி முடிஞ்சிருச்சு.
தூக்கிப் போடு.
மத்ததெல்லாம் பாத்துட்டேன், இருக்கட்டும்."

சாயங்காலம் பதினோரு காரும் போனது.
பெட்டியின் சாவியை இந்தத் தடவை
கையோடு கொண்டுபோகப் போவதாக
வந்ததுமே சொல்லியிருந்தார்.

ஆணியில்தான் தொங்குகிறது.