சாவி வெட்டிய கதை

நஜ்மாவில் எங்கள் அறைக்கு ஆறு சாவி.
ஐந்து, மசூதிப் பக்கத்துக் கடையில் வெட்டியவை.
என்னுடையதைக் கடலில் எறிந்தாலும்
உன் சாவிக்கு ஒன்றும் ஆகாது.
ஆனால் அதே சாவியால் திறந்து
நான் கட்டிலை நகர்த்திவிட்டால்
நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் நீ
இருட்டில் முழங்காலை இடித்துக்கொள்வாய்.

இவ்வளவு தெரிந்தும் எழுதினேன்,
'பிடித்தம்செய்' என்றொரு மெதட்.
அடைப்புக்குறிக்குள் ஒரு தொழிலாளி.
ஆளின் நகல் உள்ளே போகும் என்றிருந்தேன்,
போனது சாவி.
கணக்காளர் சம்பளப் பட்டியலை
மூன்று தடவை திறந்து பார்த்தார், சும்மா.
ஒவ்வொரு தடவையும்
எழுபத்தைந்து ரியால் மெஸ் காசு குறைந்தது
ஊழியர் எண் 4417க்கு.
சாரம் கட்டுகிற ஜெய்லானி.
என் மேல்கட்டில்காரர்.

திருத்திவிட்டேன்.
இப்போது சம்பளத்தொகையை மட்டும் அனுப்புகிறேன்,
வெறும் எண்.
உள்ளே அது என்ன பாடு பட்டாலும்
வெளியே இருப்பது அப்படியே இருக்கும்
என்றேன்.

"நம்ம பாஸ்போர்ட் ஜெராக்ஸ் மாதிரின்னு சொல்லுங்க."
சட்டைப்பையிலிருந்து எடுத்தார், நான்காய் மடித்தது.
முகத்துக்குக் கீழே டீக்கணக்கு,
ஓரத்தில் யாருடைய போன் நம்பரோ.
அசல், கம்பெனி அலமாரியில்,
ஒரு மடிப்பும் விழாமல்.