நான்கு எண்ணிக்கை

சாப்பாட்டு மேசைமேல்
சோப்புக்கட்டி அளவில் கறுப்பாக ஒரு கருவி இருந்தது.
என்ன இது என்றேன்.
சத்தம் பிடிக்க, என்றாள் லோஷினி.

நம் வீட்டில் என்ன சத்தம் இருக்கிறது, பிடிக்க?

ரைபிள் ரேஞ்ச் ப்ளாட், பதினான்காம் மாடி.
பட்டர்வொர்த்தில் கண்டெய்னரை ஏற்றி
பாயான் லெப்பாஸில் இறக்கி
பாலத்தை நாளுக்கு ஆறு தடவை கடக்கிறவன் நான்.
எஞ்சின் என் காதுக்குள்ளேயே படுத்துத் தூங்கும்.
வீட்டில் எனக்குச் சத்தம் ஆகாது.
அதை ஒருநாள் சொன்னேன்.
ஒருநாள்தான் சொன்னேன்.

கீழே சமூகக் கூடத்தில்
சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள்,
ஹுவே லிங் என்றொரு பெண், பாதித் தலை மழித்தவள்,
ஹஃபிஸ் என்றொரு பையன், கிட்டாரோடு.
பள்ளிக்கூடம் வேண்டாமென்று
மூன்று வாரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை
அங்கே மட்டும் இறங்கிப் போனாள்.
ஆலோசக ஆசிரியை எழுதிய கடிதம்
லோரியின் வெயில் மறைப்பில் செருகிக் கிடந்தது.
படிக்காமல் இல்லை.
படித்துவிட்டுத்தான் செருகினேன்.

நிகழ்ச்சியன்று விமலா எனக்கு
ஓர நாற்காலி பிடித்து வைத்திருந்தாள்,
எழுந்து போக வசதியாக.

விளக்கை அணைத்ததும்
ஒலிபெருக்கியில் எங்கள் கட்டடம் பேசியது.
இஸ்மாயில் வீட்டில் சம்பால் இடிக்கும் உரல்.
ஏழாம் மாடியில் மாஜோங் காய்களைக்
கலைத்துக் கொட்டும் மழை.
லிஃப்டின் இருமல்.
யார் வீட்டுக் குக்கரோ, அதன் இரண்டாம் விசிலைப் பிடித்துப்
பிள்ளைகள் எண்ணெய் டின்னில் இறங்கினார்கள்.
தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் போகிற பையன் ஒருவன்
உறுமியைத் தேய்த்தான்.
அது அடிவயிற்றிலிருந்து
ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு எங்கள் வீடு.
விமலாவின் தையல் இயந்திரம்,
ஓரிடத்தில் தடுக்கும், எனக்குத் தெரியும்.
தொலைக்காட்சியில் யாரோ சிரிக்கிறார்கள்.
லோஷினி சிரிக்கிறாள்.
இப்படிச் சிரிப்பாள் என்பது
எனக்கு மறந்திருந்தது.

அதன்மேல் ஒரு சாவி.
கிரில் கதவில், இரண்டு திருப்பு.
பித்தளை வேல் கோத்த என் சாவிக்கொத்து.

சிரிப்பு நின்றது.
தையல் நின்றது.
தொலைக்காட்சி நின்றது.
மேடையில் பதினொரு பிள்ளைகளும்
தூக்கிய கை தூக்கியபடி நின்றார்கள்.
ஹுவே லிங் விரல் மடக்கினாள்.
ஒன்று.
இரண்டு.

மூன்று.


நான்கு.

நாற்பது டன் இழுத்திருக்கிறேன், மலையிறக்கத்திலும்.
இதை எங்கே ஏற்றுவதென்று தெரியவில்லை.

அது யார் சாவி என்று
அந்தக் கூடத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.
ஒருத்தி பக்கத்தில், புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு.
ஒருத்தி மேடையில்.
என்னைக் குற்றம் சொல்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன்.
அவள் என்னைப் பார்க்கவேயில்லை.
தாளம் பிசகாதிருக்க
உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

எல்லாச் சத்தமும் திரும்பி வந்தது.
எல்லாரும் கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன், சற்றுப் பிந்தி.

மீ கோரெங் பொட்டலங்களோடு மேலே ஏறினோம்.
லிஃப்ட் வழக்கம்போல் பன்னிரண்டில் மனம் மாறியது.
படியில், விமலா முன்னால் போனபின்,
அந்த இடம், என்றேன்.
எந்த இடம்?
சாவி.
ஓ, அதுவா.
ஹஃபிஸ் எட்டு எண்ணிக்கை வைக்கலாம்னு சொன்னான்ப்பா.
நாந்தான் நாலு போதும்னேன்.

திங்கள் இரவு
சாவிக்கொத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு
கிரில் கதவுக்கு வெளியே நின்றேன்.
உள்ளே தையல், தடுக்கித் தடுக்கி.
யாரோ சிரித்தார்கள்.
எவ்வளவு நேரம் நின்றேனோ,
எதிர்வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்து
சாவி தொலைந்துவிட்டதா என்று மலாயில் கேட்டார்.

திறந்தேன்.
நின்றது.
என்ன படம் ஓடுது, என்றேன்,
என் குரல் எனக்கே ஓங்கிக் கேட்டது.
எண்ணத் தொடங்கினேன்.
மூன்றில் தையல் மறுபடி ஓடியது.

தொலைக்காட்சி இன்னும் இல்லை.