உடைவதற்கென்று ஒரு போல்ட்

வின்ஸ்கோத்தனுக்கு வடக்கே, கடல் விட்டுப்போன களிமண்.
அக்டோபர் மழை விழுந்ததும்
கடன்காரனைப்போல் கொழுவைப் பிடித்துக்கொள்ளும்.
முழுப்பலகை உதவாது அங்கே.
ஒட்டிய மண்ணோடு ஓடும் மண் உரச
டிராக்டர் டீசலைக் குடித்தபடி முக்கும்.
கீற்றுப் பலகை பூட்டுவேன்: நான்கு இரும்பு விரல்கள்,
இடையே வெறும் காற்று.
காற்றில் களிமண் ஒட்டாது.

தெற்கே இருபது கிலோமீட்டர் போனால்
கரி வெட்டி எடுத்துப்போன நிலம்,
மிச்சம் மணலும் கறுப்புத் தூளும்.
உருளைக்கிழங்கு, மறுபடி உருளைக்கிழங்கு.
இந்த மண் ஒட்டாது, அரிக்கும்.
புதுக் கொழுமுனை நான்கே நாளில்
சப்பிய மிட்டாய்.
அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல், சரி.
இங்கே ஆழ உழுதால் மஞ்சள் மணல் மேலே வரும்,
அதில் களைகூட முளைக்க யோசிக்கும்.
ஆழச் சக்கரத்தை இரண்டு துளை இறக்கிவிட்டு
மெதுவாகப் போகிறேன்.

லாம்மெர்ட்டின் நிலம் வேறு ரகம்.
பனியாறு வந்து இளைப்பாறி
சுமை இறக்கிவிட்டுப் போன மேடு.
வருடா வருடம் கல் பொறுக்குகிறார்,
வருடா வருடம் கல் ஏறி வருகிறது.
"விதைச் செலவில்லாத பயிர்" என்பார்.
அங்கே கலப்பையின் ஒவ்வொரு காலிலும் ஒரு போல்ட்,
தலையில் எட்டு புள்ளி எட்டு என்று பொறித்தது.
கல்லில் மோதினால் முதலில் சாக வேண்டியது அதுதான்.
கால் மடங்கும், கலப்பை பிழைக்கும்.
இறங்கு, சுத்தியல், புது போல்ட், ஏறு.
மூன்று நிமிடம்.
மழையில் ஐந்து.

போன நவம்பரில் ஒரே காலையில் பதினொன்று உடைந்தன.
பன்னிரண்டாவதாக
பெட்டியடியில் கிடந்த பத்து புள்ளி ஒன்பதைச் செருகினேன்.
அது உடையாது.
தெரிந்துதான் செருகினேன்.
பதினைந்து சால் வழுக்கிக்கொண்டு போனது,
விசிலடித்தேன் என்றுகூட ஞாபகம்.
பிறகு, கன்றுக்குட்டி அளவில் ஒரு கல்.
போல்ட் உடையவில்லை.
சட்டம் வளைந்தது.

லாம்மெர்ட் ஓடிவந்து முதலில் கல்லைத்தான் பார்த்தார்.
"வாசலில் போடலாம், நல்ல வடிவம்" என்றார்.
பிறகு என்னைப் பார்த்தார், காப்பி கொண்டுவந்தார்.
வெல்டர் கொடுத்த பில்
பட்டறைக் கதவின் உள்பக்கம் தொங்குகிறது.

அதே வாரம் ஹெசீனா கூப்பிட்டாள்.
"வியாழன் மழையாம். இன்றே முடித்துவிடு."
களிமண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் உருட்டினேன்.
பென்சில் தடிமனுக்குத் திரிந்தது, உடையவில்லை.
உடையாத மண்ணை உழக்கூடாது.
"எந்தப் பலகை போட்டால் முடியும்?"
எந்தப் பலகையும் இல்லை என்றேன்.
போனை வைத்துவிட்டாள்.

வேறொருவன் வந்து உழுதான்.
தெருவிலிருந்து பார்த்தேன்:
புரண்ட சால்கள் எல்லாம்
டொல்லார்ட் விரிகுடாக் கடல்நாய்களின் முதுகுபோல்
வழவழவென்று மினுங்கின.
வசந்தத்தில் செங்கல் அறுவடை என்று
ஃபென்னாவாகிய நான் என் நாய்க்கு ஜோசியம் சொன்னேன்.

அந்தக் குளிர்காலம் உறைந்தது, உருகியது, மறுபடி உறைந்தது.
கால்வாயில் சறுக்கினார்கள்.
மார்ச்சில் அவள் கட்டிகள்
ரொட்டித் தூளாக உதிர்ந்து கிடந்தன,
நான் பொறுத்திருந்து உழுத பக்கத்து வயலைவிட
ஒரு பிடி மிருதுவாகவே.
சைக்கிளில் போனவள் கையசைத்தாள்.
நானும் அசைத்தேன், வேறென்ன செய்ய.

அன்று இரும்புக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.
எட்டு புள்ளி எட்டு, இருநூறு.
"இன்னும் பலமானது இருக்கிறதே?" என்றார் கடைக்காரர்.
இருக்கட்டும் என்றேன்.
பையில் போட்டதும்
கலகலவென்று சிரித்தன.